வயிற்றோடு கூட்டி வாருங்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் குறைமாதக் குழந்தைக்குப் பால் கொடுப்பது பற்றி எழுதியபோது, போகிற போக்கில் 'மூளையில் ரத்தக்கசிவு' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் நர்ஸாக இருந்தேன். அதில் 24 வருடம் பச்சிளங்குழந்தை வார்டு. கண்ணால் பார்த்ததையும் டாக்டர்களிடம் கேட்டுக் கற்றதையும்தான் எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

முதல் பையன் 28 வாரத்தில் பிறந்தான். 1,050 கிராம். மூன்றாம் நாள் தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டான். நான் தண்ணிக்குடம் தூக்கியதால்தான் என்று மாமியார் இன்றைக்கும் சொல்கிறார். இப்போது மறுபடி ஐந்தாம் மாதம். இந்த முறை அப்படி ஆகாமலிருக்க என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, ஒட்டன்சத்திரம் பக்கம்

முதலில் அந்தக் குடத்தை இறக்கி வையுங்கள், தங்கச்சி. உங்கள் பையனுக்கு ரத்தம் கசிந்தது பிறந்த பிறகு, மூன்றாம் நாள். நீங்கள் குடம் தூக்கியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் பக்கத்தை மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். பேரனை இழந்தவர் அவரும்தான். யாரையாவது காரணம் சொன்னால்தான் அவருக்கும் ஆறும்போல.

ஏன் கசிகிறது என்று சொல்கிறேன். நம் மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. கருவில் இருக்கும்போது அந்த அறைகளின் ஓரத்தில் ஒரு நாற்றங்கால் மாதிரி இடம் இருக்கிறது. மூளைக்கு வேண்டிய செல்களெல்லாம் அங்கேதான் முளைத்து, பிறகு தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. நாற்றங்காலுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும் அல்லவா? அந்த இடத்துக்கும் நிறைய ரத்தம் வேண்டும். ஆனால் அங்கே ஓடும் ரத்தக்குழாய்கள் தற்காலிகமானவை, சுவர் மிக மெல்லியது. 32, 34 வாரத்துக்குள் நாற்றெல்லாம் பறித்து நட்டாகிவிடும், அந்த இடமும் சுருங்கிவிடும். அதனால்தான் மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைக்கு இந்த வகைக் கசிவு அநேகமாக வருவதில்லை. 28 வாரத்தில் பிறந்தால் நாற்றங்கால் அப்படியே இருக்கிறது. இன்னொன்று, ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ள நமக்கெல்லாம் ஒரு கட்டுப்பாடு உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு அது இன்னும் அமையவில்லை. மதகுப் பலகை போடாத வாய்க்கால் மாதிரி, மேலே வெள்ளம் வந்தால் கீழேயும் வெள்ளம். அப்படி வரும்போது அந்த மெல்லிய குழாய் தாங்காது. பெரும்பாலும் இது பிறந்த முதல் 72 மணி நேரத்துக்குள் நடந்துவிடுகிறது.

சரி, இந்த முறை என்ன செய்வது? முதல் வேலை, அடுத்த செக்கப்பில் முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். 'முதல் குழந்தை 28 வாரத்தில் பிறந்தது' என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள். கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் வாயில் தையல் போடுவார்கள், அல்லது புரோஜெஸ்டிரோன் மருந்து தருவார்கள். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்வார்கள். பிரசவம் தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் அந்த நாற்றங்கால் சுருங்கிக்கொண்டே வருகிறது.

இரண்டாவது, எங்கே பிரசவம் என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஏழாம் மாதத்தில் இடுப்புவலி கண்டாலோ பனிக்குடம் உடைந்தாலோ பக்கத்து நர்சிங்ஹோமில் பெற்றுவிட்டு, பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. வென்டிலேட்டரும் குழந்தை டாக்டரும் 24 மணி நேரமும் இருக்கும் இடத்துக்கு, அநேகமாக உங்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். 1,000 கிராம் குழந்தையை ஆம்புலன்ஸில் வைத்து ஒரு ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. குலுக்கல், குளிர், சத்தம், கழன்று கழன்று போகும் குழாய். இங்கிலாந்தில் 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2019-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. சிறிய இடத்தில் பிறந்து பெரிய இடத்துக்கு மாற்றப்பட்ட குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு கூடுதல் என்று அதிலும் தெரிந்தது. அங்கே சாலையும் வண்டியும் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே அப்படி என்றால் நம் ஊரைச் சொல்லவே வேண்டாம். தாயின் வயிற்றை விட நல்ல ஆம்புலன்ஸை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, ஸ்டீராய்டு ஊசி. குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் தாய்க்குப் போடுவது. அது என்ன செய்யும் என்பதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன். 'எனக்கு அந்த ஊசி போட்டாயிற்றா?' என்று வாய் திறந்து கேளுங்கள். கூடவே மெக்னீசியம் சல்பேட் ஏற்றலாம். போடும்போது உடம்பெல்லாம் தகதகவென்று எரியும், பயப்பட வேண்டாம். அது கசிவைத் தடுப்பதற்காக அல்ல, குழந்தையின் கைகால் அசைவு பிற்காலத்தில் பாதிக்காமல் இருப்பதற்காக.

இத்தனை செய்தாலும் கசியவே கசியாது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் போன தடவை உங்கள் கையில் இல்லாத பல விஷயங்கள் இந்தத் தடவை உங்கள் கையில் இருக்கின்றன.

என் தங்கைக்கு 30 வாரத்தில் வலி வந்து, ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்றார்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு சாப்பிட்டு முகம் வீங்கியவர்களைப் பார்த்திருப்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தப்பு செய்துவிட்டோமா?
– வாசகர், கும்பகோணம்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது வேறு, இது வேறு. மாதக்கணக்கில் சாப்பிடும்போதுதான் முகம் வீங்கும். இது இரண்டு நாளில் முடிகிற கணக்கு. பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி, நம் அரசு மருத்துவமனைகளில் போடும் டெக்சாமெத்தசோன் என்றால் 12 மணிக்கு ஒன்றாக நான்கு ஊசி. சர்க்கரை இருக்கும் தாய்க்கு அந்த இரண்டு நாள் சர்க்கரை ஏறும், அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த ஊசி வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ் என்று ஒரு மகப்பேறு டாக்டர். பிரசவவலி எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். மருந்து கொடுத்த ஆடு காலத்துக்கு வெகு முன்னால் குட்டி போட்டது. அவ்வளவு முன்னால் பிறந்த குட்டிக்கு நுரையீரலே விரியாது, உடனே செத்துவிட வேண்டும். ஆனால் அந்தக் குட்டி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. அவர் தேடியது வேறு, கிடைத்தது இது. அதைப் பிடித்துக்கொண்டு, ஹோவி என்ற குழந்தை டாக்டருடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்து 1972-ல் வெளியிட்டார். மூச்சுத்திணறல் குறைந்தது, சாவு குறைந்தது. இன்னும் பல ஆய்வுகள் வந்த பிறகு மூளைக்கசிவும் குறைகிறது என்று உறுதியானது. நுரையீரல் தேறியிருந்தால் குழந்தை மூச்சுக்குப் போராடாது, ரத்த அழுத்தம் தாறுமாறாக ஆடாது. அந்த மெல்லிய குழாய்களும் கொஞ்சம் உறுதிப்படுகின்றன.

அந்த ஆக்லாந்துக் குழந்தைகளை 30 வயதிலும், பிறகு 50 வயதிலும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரிதாகப் பயப்படும்படி எதுவும் இல்லை. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் நம் இந்தியாவையும் சேர்த்து ஐந்து நாடுகளில் 2,852 தாய்மார்களிடம் டெக்சாமெத்தசோனைச் சோதித்த முடிவு வந்தது. ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் 100-க்கு 23.5 பேர் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள், போட்டவர்களிடம் 19.6. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் தங்கைக்கு வலி அடங்கி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்தி. மறுபடி வலி வந்து, 34 வாரம் ஆகாமல் இருந்து, டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அதே சமயம், வாராவாரம் போட்டுக்கொள்ளும் சத்து ஊசியும் இல்லை இது. திரும்பத் திரும்பப் போட்டால் குழந்தையின் எடை குறையும்.

துணை சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறேன். 31 வாரத்தில் வலியோடு வரும் தாயை அனுப்பும்போது முதல் டோஸ் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்கிறார்கள். வழியிலேயே பிரசவம் ஆகிவிட்டால் அந்த ஒரு ஊசியால் என்ன பலன்?
– கிராம சுகாதார செவிலியர், விருதுநகர் மாவட்டம்

போடுங்கள், சிஸ்டர். முழுப் பலன் கிடைக்க 24 மணி நேரம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது முதல் ஊசியிலிருந்துதானே? நீங்கள் போட்டால் சாயங்காலம் 4 மணிக்கே ஓடத் தொடங்கிவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்த பிறகு என்றால் இரவு 9 மணி. இந்த ஐந்து மணி நேரம் நீங்கள் கொடுப்பது. முழுசாக முடியாவிட்டாலும் ஓரளவு பலன் உண்டு. 24 முதல் 34 வாரத்துக்குள் என்றால் உங்கள் நிலையில் முதல் டோஸ் போடலாம் என்று 2014-லேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 4 மில்லிகிராம் இருக்கும் மருந்தில் ஒன்றரை மில்லி, தசையில். தாய்க்குக் காய்ச்சலும் நாற்றமடிக்கும் கசிவும் இருந்தால் போடாமல் மருத்துவ அலுவலரைக் கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். சீட்டில் 'ஊசி போடப்பட்டது' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஊசி, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். நேரம் எழுதாத சீட்டு எத்தனையோ என் கைக்கு வந்திருக்கிறது. அடுத்த டோஸ் எப்போது என்று தெரியாமல் நடுராத்திரியில் தாயையும் கூட வந்தவரையும் எழுப்பிக் கேட்டிருக்கிறோம். '108-க்கு முன்னாடி' என்பார்கள், 'இல்லை, அப்புறம்' என்பார்கள்.

29 வாரத்தில் பிறந்த என் மகளை முதல் மூன்று நாள் தூக்கவே விடவில்லை. குளிப்பாட்டவில்லை, துணிகூட அடிக்கடி மாற்றவில்லை. கவனிக்காமல் போட்டிருக்கிறார்கள் என்று என் அம்மா வார்டில் சண்டை போட்டுவிட்டார். இது சரியான முறைதானா?
– வாசகர், ஆவடி

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள், அதுதான் கவனிப்பு. நானே அதைத் தாமதமாகத்தான் கற்றேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கை வேகமாக இருந்தால் நல்ல நர்ஸ் என்று பெயர். ஒரு பெண் குழந்தை, 980 கிராம். என் டியூட்டியில் அடிக்கொரு தடவை சளி உறிஞ்சினேன், மருந்து போட்டதும் ஊசிக்குழலை ஒரே தள்ளாகத் தள்ளினேன், துணி மாற்றும்போது இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து மேலே தூக்கினேன். எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். இரண்டாம் நாள் விடியற்காலை குழந்தை வெளிறிப்போய்க் கிடந்தாள். உச்சிக்குழியில் விரல் வைத்தேன். பள்ளமாக, மெத்தென்று இருக்க வேண்டிய இடம் உப்பி, விறைத்து நின்றது. அந்த விறைப்பு இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது. என் கையால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பல வருடம் கழித்து ஒரு பயிற்சியில், காலைத் தூக்கினால் ரத்தம் சட்டென்று மேலே ஏறும் என்று சொன்னபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவள்தான்.

பிறகு எங்கள் வார்டிலேயே மாற்றிக்கொண்டோம். பிறந்தவுடன் ஈரத்தோடு பாலித்தீன் உறைக்குள் கழுத்துவரை வைத்து வார்மருக்குக் கொண்டு வருவோம், உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது. முதல் 72 மணி நேரம் தலை நேராக, மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில். தலை ஒரு பக்கம் திரும்பினால் கழுத்து ரத்தக்குழாய் மடங்கி, தலையிலிருந்து இறங்க வேண்டிய ரத்தம் தேங்கும். அதனால் இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி அணை கட்டிவிடுவோம். தலைப்பக்கம் படுக்கை கொஞ்சம் உயரமாக இருக்கும். காலைத் தூக்காமல், இடுப்பைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்துத் துணி மாற்றுவோம். குழாயில் மருந்தோ ரத்தமோ, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தள்ளுவோம், இழுப்போம். சளி உறிஞ்சுவது தேவைப்பட்டால்தான். இன்குபேட்டர் கதவை இரண்டு கையாலும் பிடித்து மூடுவோம். அதன் மேல் ஸ்டீல் தட்டு வைத்தால் உள்ளே இருக்கும் குழந்தைக்கு இடி விழுந்த மாதிரி. வென்டிலேட்டரில் இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு கூடாமலும் குறையாமலும் டாக்டர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், இரண்டுமே மூளையின் ரத்த ஓட்டத்தை மாற்றிவிடும்.

இந்த நர்ஸிங் விஷயங்களுக்கெல்லாம் ஸ்டீராய்டு ஊசிக்கு இருக்கிற அளவு பலமான ஆதாரம் கிடையாது. ஆனாலும் இதில் குழந்தைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. என் கண்ணால் வித்தியாசம் பார்த்தேன்.

உங்கள் வேலை என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். தடவிக் கொடுக்காதீர்கள், தட்டிக் கொடுக்காதீர்கள். கையை நன்றாகக் கழுவி, சூடாக்கிக்கொண்டு, நர்ஸ் சொல்லும் நேரத்தில் ஒரு கையைத் தலையில் குடை மாதிரியும் இன்னொரு கையைப் பாதத்திலும் அசையாமல் வைத்திருங்கள். சீம்பாலைப் பீச்சி எடுத்து வந்தால் அதைக் கன்னத்தின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவுவார்கள். குழந்தை கொஞ்சம் நிலைப்பட்டதும் நெஞ்சோடு அணைக்கும் கங்காரு முறையை எப்போது தொடங்கலாம் என்று கேளுங்கள். அப்பாவின் நெஞ்சும் ஏற்கும்.

தொப்புள்கொடியில் இருக்கும் ரத்தத்தைக் குழந்தைப் பக்கம் உருவிவிட்டால் நல்லது என்று பாட்டி சொல்வார். இப்போது டாக்டர்களும் கொடியை உடனே வெட்டுவதில்லையாமே?
– வாசகி, காரைக்குடி

பாட்டி சொன்னதில் பாதி சரி. உடனே வெட்டாமல் ஒரு நிமிடம் போலக் காத்திருந்தால் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் தானாகவே குழந்தைக்கு வந்து சேரும், குறைமாதக் குழந்தைகளில் சாவு குறைகிறது. ஆனால் உருவிவிடுவது 28 வாரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஆபத்து. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், 23 முதல் 27 வாரக் குழந்தைகளில் உருவிவிட்டவர்களுக்குக் கடுமையான கசிவு 100-க்கு 22, காத்திருந்து வெட்டியவர்களுக்கு 6. அதோடு ஆய்வை நிறுத்தினார்கள். தானாக வருவதற்கும் தள்ளிவிடுவதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்பது உண்மையா?
– வாசகி, ராஜபாளையம்

இல்லவே இல்லை. எட்டாம் மாதக் குழந்தைக்குத்தான் எல்லாமே சாதகம், கசிவும் உட்பட. இந்தப் பேச்சை நம்பி யாரும் 'இப்பவே பிறக்கட்டும்' என்று இருந்துவிட வேண்டாம்.

என் மகனுக்குத் தலை ஸ்கேனில் 'கிரேடு 2' என்று எழுதியிருக்கிறார்கள். கூகுளில் பார்த்து மூன்று நாளாகத் தூங்கவில்லை. அவன் நடப்பானா?
– ஒரு தாய், சேலம்

அம்மா, கூகுளை மூடிவிட்டு இதைப் படியுங்கள். உச்சிக்குழி வழியாகப் பார்த்து எழுதும் இந்த நான்கு படி அளவு 1978-லிருந்து இருக்கிறது. முதல் படி, அந்த நாற்றங்கால் இடத்திலேயே கசிவு நின்றது. இரண்டாவது, நீர் அறைக்குள் கொஞ்சம் ரத்தம் வந்தது, ஆனால் அறை வீங்கவில்லை. உங்கள் மகன் இங்கே. மூன்றாவதில் அறை வீங்கும், நான்காவதில் மூளைத் தசைக்குள்ளும் ரத்தம் இருக்கும். பயப்பட வேண்டியது கடைசி இரண்டுக்கு. அதிலும் நன்றாக வளர்ந்து என்னைப் பார்க்க வந்த பிள்ளைகள் உண்டு. முதல் இரண்டில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ரத்தம் தானே உறிஞ்சப்பட்டுவிடும், மற்றப் பிள்ளைகளைப் போலவே நடப்பார்கள், பேசுவார்கள்.

சொன்ன தேதியில் அடுத்த ஸ்கேனுக்குப் போய்விடுங்கள், அறை வீங்குகிறதா என்று பார்க்கத்தான் அது. பிறந்த 30 நாளுக்குள் கண் விழித்திரைப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் டி.இ.ஐ.சி. என்ற, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையம் இருக்கும், அங்கே பெயரைப் பதிந்து, வளர்ச்சியைப் பார்க்கக் கூப்பிடும்போதெல்லாம் கொண்டு போங்கள்.

வீட்டில் செய்ய ஒரு வேலை தருகிறேன். தையல் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, அவன் பால் குடித்துத் தூங்கும்போது, புருவத்துக்கு மேலாகவும் பின்தலை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றியும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். வாரத்துக்கு அரையிலிருந்து ஒரு செ.மீ. வரை கூடினால் சரி. ஒரே வாரத்தில் அதற்கு மேல் கூடினாலோ, உச்சிக்குழி உப்பினாலோ, பால் குடிக்காமல் வாந்தி எடுத்தாலோ, கருவிழி கீழேயே இறங்கி நின்றாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டு போங்கள். அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது போன வார அளவைத்தான்.